டொக்டொக் அக்காவின் இடதுகை மாண்டலின்

டொக்டொக் அக்காவை யார் வீட்டுக்காவது கூட்டிப்போவதென்றால் அவர் கணவருக்கு உதறல்தான். வாங்க, உட்காருங்க என்று நாற்காலியைக் காட்டினால் அக்கா உட்கார மாட்டார். விரலை மடக்கி முதலில் ஒரு தட்டு. காதைச் சாய்த்து இன்னொரு தட்டு. "தேக்குன்னு சொல்லியா குடுத்தாங்க? நல்லா ஏமாத்திட்டாங்க" என்று வீட்டுக்காரரிடமே சொல்லிவிடுவார். அதோடு விட்டால் பரவாயில்லை. அலமாரி, கதவு, சாப்பாட்டு மேசை என்று ஒரு சுற்றுத் தட்டிவிட்டு வந்துதான் தண்ணீரே குடிப்பார். பெற்றோர் வைத்த பெயர் இப்போது சம்பள நாளில் மட்டும்தான் பயன்படுகிறது.

அக்காவுக்கு மரத்தோடு என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒன்றுமே இல்லை. பல் செட் செய்யும் லேப்பில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் செதுக்கி, பல் பல்லாக உட்காரவைப்பார். தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் நின்று பார்ப்பார். "கீழ் வரிசை நம்மளுது" என்பார் பெருமையாக. நகத்தளவு இடத்தில் அரை மில்லிமீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும்.

மரம் வந்தது அண்ணனால். அண்ணனுக்குப் பேப்பர் வெட்டும் பட்டறையில் வேலை. வேலை முடிந்து வந்தால் மாண்டலின். பாட்டு என்று ஆரம்பித்தால் எதிர்வீட்டுக்காரர்கள் டிவியை நிறுத்துவார்கள், அப்படி ஒரு கை. ஒரு நாள் வெட்டும் மிஷின் அவருடைய இடது கையில் நடுவிரல் நுனியையும் மோதிர விரல் நுனியையும் எடுத்துக்கொண்டது. மாண்டலினில் இடது கைதான் தந்தியை அழுத்த வேண்டும். வலது கை மீட்டினால் போதும். மிஷின் பார்த்துப் பார்த்து எதை எடுத்தது பாருங்கள். புண் ஆறியதும் அண்ணன் செய்த முதல் வேலை, மாண்டலினை யாருக்கோ தூக்கிக் கொடுத்தது. அதற்குப் பிறகு இடது கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுப்பதே அபூர்வம்.

அக்காவால் இதைத் தாங்க முடியவில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "ஏங்க, திருப்பி வாசிச்சா என்ன? வலது கை அழுத்தட்டும், இடது கை மீட்டட்டும்! கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முழுசாத்தானே இருக்கு?"

இடது கைக்காரர்களுக்கான மாண்டலின் கேட்டுக் கடை கடையாக அலைந்தார். ஒருவரிடமும் இல்லை. சாதாரண மாண்டலினில் தந்தியை மாற்றிப் போட்டால் போதாதா என்று கணவர் கேட்டார். அக்கா அதற்குள் நூறு வீடியோ பார்த்திருந்தார். வயலின் மாதிரி வயிறு குவிந்த மாண்டலினில், மேல் பலகைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு கட்டைகள் ஒட்டியிருக்கும். தடித்த தந்திகளின் பக்கம் நீளக் கட்டை, மெல்லிய தந்திகளின் பக்கம் குட்டைக் கட்டை. தந்தியை மட்டும் மாற்றினால் உள்ளே இருப்பது மாறாதே?

"அப்ப?" என்றார் கணவர்.

"நானே செய்யப் போறேன்."

கணவர் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன எத்தனையோ லிஃப்ட்டுகளை அசராமல் பார்த்தவர். அன்று அசந்துவிட்டார்.

அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. சன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "செய் பாப்பா. உன் ஆசையை நான் ஏன் கெடுக்கணும்? ஒரே ஒரு தடவை வாசிச்சுப் பார்க்கிறேன். வரலைன்னா இந்தப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கக் கூடாது. நீயும்தான்." பக்கத்தில் நின்ற அண்ணி, சரியென்று சொல்லு என்று அக்காவுக்குக் கண்ணைக் காட்டினார். அண்ணன் இவ்வளவு இறங்கி வந்ததே பெரிய விஷயம்.

ஒரே ஒரு தடவை. அக்கா அதைப் பிடித்துக்கொண்டார்.

பார்சலில் பலகைகள் வந்த அன்று வீடு வீடாக இல்லை. மேலுக்கு வெளிர் ஸ்ப்ரூஸ், அடிக்கு வரிவரியான மேப்பிள். அக்கா பிரித்தார், முகர்ந்தார், தட்டினார், கணவர் மூக்கிலும் கொண்டுபோய் வைத்தார். மறுநாளிலிருந்து சாப்பாட்டு மேசை பறிபோனது. கணவர் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகினார். சாம்பாரில் மரத்தூள் மிதந்தால் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, "இன்னைக்கு மேல் பலகையா, அடிப் பலகையா?" என்று மட்டும் கேட்பார். வாய்தான் கிண்டல் பேசும், கை சும்மா இருக்காது. பலகையின் நடுவில் கனம் அளக்க லேப்பில் இருந்த கருவிக்குக் கை எட்டவில்லை என்று அக்கா புலம்பியதும், இரும்புப் பட்டையை வளைத்து நீளக் கையோடு ஒன்று செய்து கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

விரல் நீளமே உள்ள இழைப்புளியால் அக்கா முதலில் வெளிப்பக்கம் குவித்தார். பிறகு கவிழ்த்துப் போட்டு உள்பக்கம் குழித்தார். இழைப்பது, அளப்பது, தட்டுவது. ஆரம்பத்தில் பலகை தொப் என்றது. நனைந்த அட்டைப்பெட்டிகூட அதைவிட நன்றாகப் பேசும். இன்னும் கொஞ்சம் எடுத்தார். தொப். ஓரத்தில் இன்னும் கொஞ்சம். அதிகமாக எடுத்தால் போச்சு, போனதைத் திரும்ப ஒட்ட முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சீவல் சீவித் தட்டினார்.

டங்ங்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடிக் குளியலறைக் கதவில் தடதடவென்று அடித்தார். "ஏங்க! ஏங்க! பாடுதுங்க!"

"தாயே, கண்ணெல்லாம் சோப்பு!"

"கண்ணு எதுக்கு? காதைக் குடுங்க!"

கதவிடுக்கில் வைத்துத் தட்டினார். டங்ங். உள்ளே தண்ணீர் நின்றது. "இன்னொரு தடவை தட்டு" என்றது உள்ளேயிருந்து குரல். தட்டினார். "அடி சக்கை!" என்றார் கணவர். அன்று லேப்புக்குப் பலகையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் ஒவ்வொருவர் காதிலும் தட்டிக் காட்டினார். டொக்டொக் அக்கா டங்டங் அக்கா ஆகிவிட்டாரே என்று கிண்டல் பண்ணினார்கள். பண்ணட்டுமே!

உள்கட்டைகளை ஒட்டினார், விலாப் பலகைகளை வளைத்தார், அடிப் பலகையையும் ஒட்டிப் பெட்டியை மூடினார். கழுத்தும் ஏறியது. வார்னிஷ் பூசுவதுதான் பாக்கி. அடுத்த ஞாயிறு வாங்க என்று அண்ணனுக்குச் சொல்லியும் ஆயிற்று.

பசை எங்காவது உள்ளே வழிந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை, மேல் பலகையில் சத்தம் வெளியே வர வெட்டியிருந்த வளைந்த துளை வழியே விட்டார். கைபேசி வெளிச்சத்தையும் காட்டினார். நல்ல சுத்தம். அப்படியே கண்ணாடியை நகர்த்தினவர் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார்.

நீளக் கட்டை மெல்லிய தந்திகளின் பக்கம் இருந்தது.

நடந்தது இதுதான். இடது கைக்கு என்று வரைபடத்தை ஒரு தடவை திருப்பிப் போட்டார். அது சரி. ஆனால் கட்டைகளை ஒட்டும்போது பலகை கவிழ்ந்து கிடந்தது. பல் வேலையில் எதிரே இருப்பவரின் வலது பக்கம் நமக்கு இடது பக்கம். வருடக்கணக்கில் எதையும் மாற்றியே பார்த்துப் பழகிய தலை, கவிழ்ந்து கிடக்கிறதே என்று இன்னொரு தடவை திருப்பிவிட்டது. வரைபடமோ கவிழ்ந்த பலகைக்கே போட்டது. இரண்டு தடவை திருப்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்க வேண்டியதுதான். வெளியே இடதுகை மாண்டலின், உள்ளே வலதுகை மாண்டலின்! தச்சர்கூட இப்படித் தவறு செய்திருக்க மாட்டார். இதைச் செய்யப் பல் செட் செய்கிற ஆள்தான் வேண்டும்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். கணவர் கண்ணாடியை வாங்கி அவரும் பார்த்தார்.

"சரி விடும்மா. உள்ள இருக்கிறது யாருக்குத் தெரியப்போகுது? சத்தம் ரொம்பவா மாறிடும்?"

"மாறுமோ மாறாதோ, எனக்கே தெரியாதுங்க."

"அப்புறம் என்ன? வார்னிஷ் அடி."

"அண்ணன் ஒரே ஒரு தடவைதான் தொடுவேன்னு சொல்லியிருக்காரு. அந்தத் தடவை சரியா வரலைன்னு வைங்க. அவர் கையாலயா, நான் ஒட்டின கட்டையாலயான்னு சாகுற வரைக்கும் நான் யோசிச்சிட்டே இருக்கணுமா? என்னால முடியாது. பிரிக்கப் போறேன்."

"பிரிக்கிறதா? உடைஞ்சா?"

"உடைஞ்சா உடையட்டும்!" என்றவருக்கு அழுகை முட்டியது. அதே வேகத்தில் எழுந்து ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். நல்லவேளை, ஒட்டியது வச்சிரம். சூடு பட்டால் இளகிவிடும் பசை. சூடு பண்ணி, மெல்லிய கத்தியை நுழைத்துப் பிரிப்பதற்கு அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தினமும் மெழுகோடு அதே கதைதான். மெழுகுக் கத்தியைச் சூடாக்கி, அடிப் பலகையின் விளிம்பில் வைத்து, மெல்ல, மெல்ல. கொஞ்சம் நகரும், நிற்கும். மறுபடி விளக்கு, மறுபடி கத்தி. கணவர் பார்க்க முடியாமல் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார்.

படக்!

"போச்சா?" என்று கத்தினார் பால்கனியிலிருந்து.

ஓடி வந்து பார்த்தால், அக்கா கையில் அடிப் பலகை. ஒரு சிராய்கூடப் பெயராமல் முழுசாக வந்திருந்தது. அக்கா ஒரு குதி குதித்தார் பாருங்கள், கீழ்வீட்டிலிருந்து என்ன என்று குரல் கொடுத்தார்கள். கட்டைகளைச் செதுக்கி எடுத்தார். புதிதாக இரண்டு செய்து, ஒட்டுவதற்கு முன்னால் பலகையிலேயே 'தடிப்பு', 'மெலிசு' என்று பென்சிலால் எழுதினார். கணவரைக் கூப்பிட்டு, "படிங்க" என்றார். அவர் படித்தார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகுதான் பசையைத் தொட்டார்.

ஞாயிறு மதியம் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். தேன் நிறத்தில் பளபளவென்று மேசைமேல் கிடந்தது மாண்டலின். கணவர் மச்சானை வரவேற்கிற சாக்கில் வளவளவென்று பேசிக்கொண்டேயிருந்தார். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அண்ணன் பாக்கெட்டிலிருந்து இடது கையை எடுத்தார். மீட்டும் வில்லையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு ஒரு தந்தியைத் தட்டினார். அப்பா, என்ன ஒரு சத்தம்! அறை முழுக்க நிறைந்து நின்றது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா கணவரின் கையைப் பிடித்து நசுக்கினார்.

ஆனால் அழுத்த வேண்டியது வலது கையாயிற்றே. அதற்கு ஒன்றும் தெரியவில்லை. பழைய பாட்டு ஒன்றின் முதல் வரியை ஆரம்பித்தார், தடுக்கியது. மறுபடி ஆரம்பித்தார், வேறெங்கோ போய் விழுந்தது. எதிர்வீட்டு டிவியை நிறுத்தவைத்த மனிதர், நேற்றுக் கற்க வந்தவர்போல் ஒவ்வொரு ஸ்வரமாகத் தேடினார். நெற்றி வியர்த்தது. சட்டென்று நிறுத்தி, மாண்டலினைப் பூப்போல மேசைமேல் வைத்தார்.

"பிரமாதமா செஞ்சிருக்க பாப்பா" என்றார். டீயைக் குடித்தார். மாப்பிள்ளையிடம் லிஃப்ட்டைப் பற்றி விசாரித்தார். வாசிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேச்சு எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். அவ்வளவுதான், முடிந்தது.

அண்ணன் எழுந்து போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார். அண்ணியும் கிளம்பிவிட்டார். வாசலில் நின்ற அண்ணன் ஒரு தடவை திரும்பி மேசையைப் பார்த்தார்.

"பாப்பா, தந்தி கொஞ்சம் உயரமா நிக்குது."

"என்னண்ணே?"

"உயரமா இருக்குன்னேன். அழுத்தினா வலிக்குது." வலது கையை நீட்டிக் காட்டினார். விரல் நுனிகளில் சிவப்பாகக் கோடு கோடாகத் தந்தி பதிந்திருந்தது. "கொஞ்சம் இறக்கிக் குடேன்."

தந்திகளைத் தாங்கும் குதிரைக் கட்டையில் இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் உண்டு. அதைத் திருகினால் தந்தி இறங்கும். அக்காவுக்கு அது தூக்கத்தில்கூடத் தெரியும். "இறக்கலாம்ண்ணே. எப்ப... எப்ப வேணும்?"

"இப்ப முடியாதா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் செருப்பைக் கழற்றினார்.