தவறணைக்காரரின் மொழிபெயர்ப்பு

1998 மார்ச்சில், இலங்கை மலையகத்தில் லிந்துலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் குடியை நிறுத்துவதற்கான மருத்துவ முகாம் நடந்தது. வந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அவர் சிங்களத்தில் பேசுவதைத் தமிழில் சொல்ல, தோட்டத்து மேலாளரான துரை அனுப்பியிருந்தது தவறணை என்கிற சாராயக்கடையை நடத்துபவரை.

என் அண்ணன் பலமுறை குடியை விட்டு, நடுக்கம் தாங்காமல் மறுபடி தொடங்கியவர். அன்று குடிக்காமல் வந்திருந்தார். எழுந்து நின்றார்.

"விட்டா கைகால் உதறுதுங்க, தூக்கமே இல்ல. அதுக்கு மருந்து இருக்கான்னு டாக்டரய்யாகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

தவறணைக்காரர் டாக்டர் பக்கம் திரும்பவே இல்லை. "அதுக்குத்தாண்ணே நான் கடை வச்சிருக்கேன். சாயந்தரம் வாங்க."

கூட்டம் சிரித்தது. விஷயம் புரியாத டாக்டரும் சேர்ந்து சிரித்தார். அண்ணன் உட்கார்ந்துவிட்டார். 2003இல் இறக்கும்வரை அந்தக் கேள்வியை அவர் வேறு யாரிடமும் கேட்கவில்லை.