சுவருக்குள்ளிருந்து அம்மா பேசினாள்

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் பன்னிரண்டு மணி வெயில் தரைக்கு வராது. மகளின் பள்ளிப் பேருந்து வரும் முச்சந்திக்கு நான் தினமும் அந்த வழியாகத்தான் நடக்கிறேன். மேலே வானம் கொதிக்கும். கீழே விளக்கு வைக்கும் நேரம் போலிருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மர வரிசை, அதன் முடிவில் ஒரே மாதிரி கறுப்பு. சிவகங்கைப் பக்கத்துப் பொட்டலில் வளர்ந்தவள் நான். அங்கே ஒருவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் அரை மைல் தள்ளியே நடையை வைத்து ஆளைச் சொல்லிவிடுவோம். இங்கே பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் மனிதர் தெரிவார். குமரனைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டி, மலாய் நாட்டில் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அப்பால் இந்தத் தோட்டத்துக்கு வந்து எட்டு வருடமாகிறது. இன்றும் நடுவழியில் நான் சற்று நின்றால், எதிரே சைக்கிளில் வரும் பெண்கள் வேகத்தைக் குறைத்து என் முகத்தைப் பார்க்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு.

மகள் பிறந்த மூன்றாவது வாரம். குமரன் செம்பனைக் குலை ஏற்றிய லோரியோடு ஆலைக்குப் போயிருந்தார். அத்தை, அதாவது என் மாமியார், வெளியே துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். காலை பத்து மணி இருக்கும். சமையலறைச் சுவருக்குள்ளிருந்து, ஊரில் இருக்கிற என் அம்மா பேசினாள். "ஏடி, புள்ள மூச்சு விடுதான்னு பாத்தியா?" அதே இழுவை, நடுவில் அதே செருமல். நான் பயப்படவில்லை. சந்தோஷப்பட்டேன். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து "விடுதும்மா" என்று சுவரிடம் சொன்னேன். ஊர்ப் பேச்சைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

மறுநாளிலிருந்து அம்மா நாள் முழுக்கப் பேசினாள். எனக்கு உறக்கமே வரவில்லை, களைப்பும் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் கிழிந்த சேலையோடு கல்லெறியும் பெண் ஒருத்தி இருந்தாள். பைத்தியம் என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். நானோ தலைவாரிப் பொட்டு வைத்திருந்தேன், சோறு குழையாமல் வடித்தேன், வீட்டைப் பளபளவென்று வைத்திருந்தேன். ஒருநாள் அம்மா சொன்னாள்: "இது உன் புள்ள இல்லடி. மாத்திட்டாங்க. காதைப் பாரு." பார்த்தேன். மாறித்தான் இருந்தது.

நான் சுவரோடு பேசுவதை அத்தை கண்டுவிட்டார். "பழைய லயத்து வீட்டுப் பக்கம் போனியா? அங்க பச்சைப் புள்ளையோட ஒருத்தி செத்தா," என்று கேட்டு, கோயிலில் மந்திரித்த கயிறு வாங்கிவந்து என் கையில் கட்டினார். குமரன் சிரித்தார். "ஊரு ஞாபகம் லா. போன் போட்டு அம்மாகிட்ட பேசு, சரியாயிடும்." வீடியோவில் அழைத்துக் கொடுத்தார். திரையில் அம்மா வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தி, "மனசத் தைரியமா வச்சுக்க. வெளிய சொல்லாத, பைத்தியம்னு பேரு கட்டிருவாக," என்றாள். அவள் பேசி முடிக்கும் முன்பே சுவருக்குள்ளிருந்து அதே குரல் சொன்னது: "போன்ல இருக்கது நான் இல்ல."

பிள்ளை பிறந்த இருபதாம் நாள் காலை. பிள்ளையைத் தோட்டத்தில் வைத்துவிடு, தன்னுடைய ஆட்கள் வந்து எடுத்துப் போவார்கள், உன் பிள்ளையைக் கொண்டுவந்து தருவார்கள் என்று அம்மா சொன்னாள். நியாயமாகத்தான் பட்டது. வெட்டி அடுக்கிய மட்டைகள் மேல் துண்டை விரித்துக் கிடத்தினேன். அது அழவில்லை. கண்ணை விழித்து, என் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்தது. பத்தடி விலகி நின்று வரிசைகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அத்தை. கத்தவில்லை. ஒரு கையில் பிள்ளையைத் தூக்கி, மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். வீடு வரும்வரை விடவில்லை.

அன்று கிளினிக்கிலிருந்து தாய்சேய் பார்க்க மிஸி வரும் முறை. இங்கே தாதியை மிஸி என்பார்கள். முக்காடு போட்ட இளம் மலாய்ப் பெண். பிள்ளையை எடை பார்த்துவிட்டு என் கண்களையே பார்த்தாள். "அடா டெங்கார் சுவாரா?" என்றாள். எனக்குத் தெரிந்த மலாய் நாலு சொல். சுவர் என்று காதில் விழுந்தது. அப்பாடா, விஷயம் தெரிந்தவள் ஒருத்தி வந்துவிட்டாள்! சமையலறைச் சுவரைக் காட்டி, இருக்கிறது என்ற பொருளில் "அடா, அடா" என்றேன். அவள் எழுந்துபோய்ச் சுவரில் கை வைத்துப் பார்த்தாள்.

"சுவரு இல்லம்மா," என்றார் அத்தை. "சுவாரான்னா குரலு. குரல் ஏதும் கேக்குதான்னு கேக்குறாங்க."

"ஆமா அத்தை. சுவத்துக்குள்ளருந்துதான் கேக்குது."

மிஸி அடுத்து ஒன்று கேட்டாள். அத்தை அதை எனக்குத் தமிழில் சொல்லவில்லை. மறுபடி கேட்டாள். "அதையெல்லாம் கேட்டா, இல்லாத நெனப்பும் வந்துடும் மிஸி," என்று அத்தை தமிழிலேயே சொன்னார். மிஸிக்குப் புரிந்ததோ என்னவோ, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் முறை கேட்டாள். அத்தை தரையைப் பார்த்தபடி, "புள்ளைய ஏதாச்சும் செய்யச் சொல்லுதா?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்குள் எதையும் புதிதாக விதைக்கவில்லை. அதற்காகவே காத்திருந்ததுபோல் ஓவென்று அழுதேன்.

மருத்துவமனையில் ஐந்து வாரம். பேயுமில்லை, தாய்ப்பாலின் குற்றமுமில்லை, மனத்தைரியம் இல்லாததால் வந்ததுமில்லை. பிள்ளை பெற்ற சில பெண்களுக்கு வருகிற நோய், குணமாகும் என்றார் டாக்டர். மாத்திரையில் குரல் சட்டென்று நிற்கவில்லை. மர வரிசைக்குள் பேசிக்கொண்டே நடந்துபோகிறவள்போல நாளுக்கு நாள் தூரமானது. யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்கிறேன்: அது போனபோது எனக்குத் துக்கமாக இருந்தது. பிள்ளையைத் தோட்டத்தில் விடச் சொன்ன குரல்தான். ஆனால் இந்தத் தோட்டத்தில் என் ஊர்த் தமிழ் பேசியது அது ஒன்றுதான்.

அக்கம்பக்கத்தில் இன்னும் பேய் என்கிறார்கள். "பேய்க்கு யாரு லா ஆஸ்பத்திரி கார்டு போட்டுக் குடுப்பாங்க?" என்று அத்தை அவர்கள் வாயை அடைத்துவிடுவார். கயிற்றை மட்டும் அவிழ்க்க விடவில்லை.

மகளுக்கு இரண்டு வயதானபோது ஊருக்குப் போனோம். அம்மா எங்களை ஐயனார் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். புதருக்குள் நேர்த்திக்கடன் பொம்மைகள் நூற்றுக்கணக்கில் நின்றன: மண் கைகள், மண் கால்கள், மண் பிள்ளைகள். நடுவே இடுப்பில் குழந்தையோடு ஒரு மண் பெண்ணைக் காட்டினாள். "நீதான். நேந்துக்கிட்டுச் செஞ்சு வச்சேன். இதுலதான்டி உனக்கு நல்லாச்சு. அந்த மாத்திரைய விட்டுரு." இரண்டு மழைக்காலத்தில் அதன் முகம் வழிந்திருந்தது. நான் வாதாடவில்லை. பையிலிருந்த மாத்திரையை எடுத்து, அந்தப் பெண்ணின் முன்னாலேயே தண்ணீர் குடித்து விழுங்கினேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கார் கிளம்பியது. என் மடியிலிருந்த மகள் கண்ணாடிப் பக்கம் எம்பி, புதருக்குள் நின்ற அந்த மண் பெண்ணைப் பார்த்துக் கையசைத்தாள்.

"அம்மா, பாய்," என்றாள்.