சுட்ட சுவரொட்டி

நெருப்பில் சுவரொட்டி சுடும்போது முதலில் தோல் கருகும் வாசனை வரும், பிறகு மிளகும் உப்பும் சேர்ந்து நாக்கில் எச்சில் ஊறவைக்கும் இன்னொரு வாசனை வரும். நான் ஐந்தாம் வகுப்பு படித்த அந்த மழைக்காலம் முழுக்க, ஜீவனஹள்ளியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் பொழுது அந்த வாசனையில்தான் விடிந்தது. ஆட்டின் மண்ணீரலைத்தான் ‘சுவரொட்டி’ என்போம். அதைத் தின்றால் ‘ரத்தம் ஊறும்’ என்பதில் எங்கள் தெருவில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

பள்ளியில் விரலைக் குத்தி ரத்தம் பார்த்ததில் ஆரம்பித்தது எல்லாம். இரும்புச்சத்து குறைவு என்று சீட்டு வந்தது. அடுத்த பரிசோதனையில் தேறினால்தான் ஓட்டப் பந்தயம் என்று என் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். ஓடுவதைத் தவிர வேறு எதிலும் கெட்டிக்காரியாக இல்லாத நான் இரண்டு நாள் அழுதேன். அம்மா அழவில்லை. காலையில் கறிக்கடை திறந்ததும் போய் வாங்கி வந்து, சுட்டு, என் டிபன் டப்பாவில் வைத்துவிட்டுத் தையல் ஃபேக்டரிக்கு ஓடுவாள்.

டப்பாவைத் திறந்த முதல் நாளே வகுப்பு மிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டார். “கறி எல்லாம் இங்க அலோ இல்ல” என்று என்னை வெளியே குழாயடியில் உட்காரவைத்தார். ரத்தம் குறைவு என்று சீட்டு எழுதியதும் அதே பள்ளிதான்.

மறுநாள் அம்மா அரை நாள் லீவு போட்டு வந்து வகுப்பு வாசலில் நின்றாள்.

“ரத்தம் இல்லன்னு எழுதி அனுப்பிச்சது நீங்கதானே மிஸ்? அது ஊறத்தான் குடுத்து அனுப்பறேன். யாருக்கு நாத்தமோ அவங்க ஜன்னல தொறந்து வெச்சிக்கட்டும். எம் பொண்ணு உள்ள குந்திதான் துன்னுவா.”

ஹெட்மிஸ்ஸைப் பார்க்கச் சொன்னார்கள். அங்கேயும் போய் அதையே, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். அன்று மதியம் நான் என் பெஞ்சில் உட்கார்ந்து, வேண்டுமென்றே மெதுவாக மென்று, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றேன். அடுத்த பரிசோதனையில் தேறினேன். பந்தயத்தில் நான்காவதாகத்தான் வந்தேன், அதனால் என்ன, ஓடினேன்.

இப்போது அந்தக் கறிக்கடை இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. போன வாரம் என் மகளின் பள்ளியிலும் ரத்தம் பார்த்தார்கள். இரும்புச்சத்து குறைவு, கொலஸ்ட்ரால் அதிகம் என்று போனில் செய்தி வந்தது. டிபனில் முட்டை, கறி கூடாது என்று அதன் பின்னாலேயே இன்னொரு செய்தி. கேன்டீனில் மட்டும் சமோசாவும் சிப்ஸும் தாராளமாக விற்கிறார்கள். அம்மாவுக்குச் சண்டை போட எதிரே ஒரு மனுஷி இருந்தார். எனக்கு வந்ததன் கடைசி வரி, ‘இந்தச் செய்திக்குப் பதில் அனுப்ப வேண்டாம்.’

அனுப்பப் போவதில்லை. நாளைக்கு ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன், நேரிலேயே போகிறேன்.