நங்கூரத்தைச் சுற்றிய முக்கோணம்

சார், என் படிப்பை நிறுத்தியது நீங்கள்தான். ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில், வரைபடத் தாளில் ஒரு முக்கோணத்தை ஆதிப்புள்ளியைச் சுற்றித் தொண்ணூறு பாகை திருப்பச் சொன்னீர்கள். ஐந்து மதிப்பெண். பாம்பனில் மீன் பிடிக்கும் என் அய்யாவின் வள்ளம் நங்கூரத்தைச் சுற்றுவதைத் தினமும் பார்த்தவள் நான். நீரோட்டம் மாறினால் அது நின்ற இடத்திலேயே திரும்பாது. கயிற்றின் நீளத்துக்குச் சுற்றி வந்து வேறு பக்கம் நிற்கும். ஆதிப்புள்ளியை நங்கூரமாக நினைத்து, முக்கோணத்தை அடுத்த கால்பகுதிக்குக் கொண்டுபோனேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று நீங்களோ கரும்பலகையில் முக்கோணத்தின் மூலையைப் பிடித்து அங்கேயே திருப்பிவிட்டு, என் விடையைச் சிவப்பு மையால் அடித்தீர்கள்.

"திருப்பச் சொன்னா எடத்தயே மாத்திட்ட. வலை வளைக்கவா போற?" என்றீர்கள். வகுப்பே சிரித்தது.

இரண்டு மதிப்பெண்ணில் தோற்றேன். தாளைக் காட்டி அய்யாவிடம் விளக்கினேன். "நீ சொல்றது சரிதான் தாயி. வாத்தியார்கிட்டப் போயி நான் என்னத்தப் பேச?" என்றார். மறுவாரமே இறால் உரிக்கப் போனேன்.

இந்த மாதம் உங்களுக்குப் பணி நிறைவு விழாவாம். மேடையில் ஒரு கரும்பலகை வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கைப் போட்டு, தப்பு யாருடையது என்று ஊர் முன்னால் சொல்லுங்கள்.