அப்பாவு வீட்டுப் பெரட்டு

அப்பாவு என்பவருக்கு ஒன்பது பிள்ளைகள். வீட்டுக்காரத் தவுக்கேயிடம் அவர் சொன்னது ஆறு.

அந்த ஒரு பொய் ஐந்து வருடமாக அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. மலேசியாவில் சுங்காய்ப் பக்கம் அவர் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தை 1976இல் துண்டு போட்டு விற்றார்கள். வேலை போனது. வேலையோடு தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போனது. மனைவி மங்களத்தையும் பிள்ளைகளையும் சட்டி பானையோடு ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங் வந்து சேர்ந்தார். நான்கு இடத்தில் வீடு கேட்டார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள். ஒன்பது என்பார். கதவு சாத்திக்கொள்ளும். ஐந்தாவது இடத்தில் சீன முதலாளி ஆ கியோங் தவுக்கே கேட்டபோது, யோசிப்பதற்கு முன்னாலேயே நாக்கு "ஆறு" என்று சொல்லிவிட்டது. வீடு கிடைத்தது.

அதற்குப் பிறகு மாதம் பிறந்தால் வீட்டில் கூத்துதான். முதல் தேதி தவுக்கேயின் மோட்டார் சைக்கிள் சத்தம் முச்சந்தியில் கேட்டதும் மூன்று பேர் மறைந்தாக வேண்டும். இரண்டு பேர் பின்வாசல் வழியாகச் சந்துக்கு ஓடிவிடுவார்கள். கடைக்குட்டி இருளாயிக்கு ஓடுகிற வயதில்லை. அவளுக்கு மட்டும் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யார் கேட்டாலும் "நான் பக்கத்து வீட்டுப் புள்ள" என்று சொல்ல வேண்டும். அம்மா, அப்பா என்ற சொற்களுக்கு அடுத்து அந்தப் பிள்ளை திக்காமல் சொன்னது அதைத்தான். தவுக்கே தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர், தமிழ் அவர் பாணியில் சரளமாக வரும். அவள் கன்னத்தைக் கிள்ளி, "பக்கத்து வீட்டுப் புள்ள எப்பவும் இங்கதான் லா சாப்பிடுது" என்பார். அப்பாவு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

படிப்பு அவருக்கு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் கை ஓடும். லாரிப் பட்டறையில் கதவுக்குப் பெயர் எழுதுவது, பின்பலகையில் புலியும் மயிலும் போடுவது அவர் வேலை. மங்களம் தொழிற்சாலைக்குப் போனாள். விடிந்தால் ஒரே குழாய், ஒரே குளியலறை, பதினொரு பேர். ஒருவன் சட்டையை இன்னொருவன் போட்டுக்கொள்வான். ஒருத்தி சீப்பு இன்னொருத்தி தலையில் இருக்கும். ஒரு தடவை ஊருக்குப் போய்த் திரும்பும்போது சுங்காய் பஸ் நிலையத்தில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு பீடோர் வரை வந்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் மங்களம் பழைய தோட்டத்து வழக்கத்தைக் கையில் எடுத்தாள். தோட்டத்தில் இருட்டோடு ஆட்களை வரிசையாக நிறுத்திக் கங்காணி பெயர் கூப்பிடுவாரே, அந்தப் பெரட்டு. தினம் காலை ஆறு மணிக்கு அவள் வீட்டு வாசலில் பெரட்டு நடந்தது.

"காளியம்மா!"

"இருக்கேன்."

"பத்துமலை!"

"இருக்கேன்மா."

"வாயில என்னடா?"

"ஒன்னுமில்லமா." சொல்லும்போதே வாயிலிருந்து ரொட்டி விழும்.

"சின்னையா! எங்கடா சின்னையா?"

சின்னையா ஒருநாளும் முதல் கூப்பாட்டுக்கு வந்ததில்லை. கோழிக்கூண்டின் மேலிருந்தோ தண்ணீர்த் தோம்புக்குள்ளிருந்தோ குரல் வரும்.

இந்தக் கூத்தைத்தான் அப்பாவு பட்டறையில் சாயம் காயும் நேரத்தில் வரைந்தார். பழைய டெலிபோன் புத்தகம் ஒன்று கிடந்தது. அதன் பக்க மூலைகளில் ஒவ்வொன்றாய் வரைந்து, கட்டைவிரலால் விர்ரென்று விட்டால், மங்களம் கரண்டியோடு சின்னையாவைத் துரத்துவாள். பட்டறை ஆட்கள் சாப்பாட்டு நேரத்தில் அதை வாங்கிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

1981இல் ஒருநாள் தன் வேனுக்குப் பெயர் எழுத வந்த கார்த்திகேசு அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். யாழ்ப்பாணத்து மனிதர். அரசாங்கத்தில் படமெடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஈப்போவில் ஒரு மாடியறையில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை ஐந்து தடவை விரலால் ஓட்டினார்.

"இந்தப் படம் ஆர் கீறினது?"

"நான்தாங்க ஐயா. சும்மா."

"சும்மாவோ? பாதிப் புத்தகம் கீறியிருக்கிறீங்கள்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "டிவியில பிள்ளையளுக்குக் காட்ட உள்ளூர்க் கார்ட்டூன் கேக்கிறாங்கள். மூண்டு நிமிசம் மாதிரிக்குக் குடுக்கவேணும். பிடிச்சால் பதின்மூண்டு கதை எடுப்பாங்கள். மூண்டு மாசம் தவணை. செய்வீங்களோ?"

அப்பாவு சாயக் கையைக் கால்சட்டையில் துடைத்தார். "செய்யலாங்க."

"நல்லது. ஆனால் ஒண்டு. அம்மா, அப்பா, ரெண்டு பிள்ளையள். கூட வேண்டாம், நாலு பேர் காணும்."

"ஒன்பது புள்ளைங்க ஐயா."

"தம்பி, ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டு படம் கீறவேணும். பதினொரு பேர் எண்டால் நூற்று முப்பத்திரண்டு. உங்களுக்கு எத்தனை கை?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அப்பாவு தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். சோற்றுத் தட்டுகளுக்கு நடுவே விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், வீடு சந்தையானது.

"மூத்தவ நான். நான் கண்டிப்பா இருக்கணும்" என்றாள் காளியம்மா.

"பத்துமலைய எடுத்துருங்கப்பா. அவன வரையவே ஒரு தோம்பு சாயம் வேணும்." இது சின்னையா.

"உன்னைய வரைஞ்சு என்ன பிரயோசனம்? எங்க தேடுறது?" பத்துமலை வாயில் சோற்றோடு பதில் சொன்னான்.

நடுவில் இருந்த ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மங்களம் கரண்டியால் சட்டியைத் தட்டினாள். சத்தம் அடங்கியதும், கதவோரம் உட்கார்ந்திருந்த இருளாயி பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்: "நான் வேணாம்பா. நான் பக்கத்து வீட்டுப் புள்ள."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவு சிரிக்கவில்லை. கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். பெற்ற பிள்ளைகளில் மூன்று பேரை ஒரு தடவை கணக்கிலிருந்து அடித்துவிட்டோம். இரண்டாம் தடவை இந்தக் கையால் அது நடக்காது. படம் வந்தால் ஒன்பது பேரோடு வரட்டும். இல்லையென்றால் படமே வேண்டாம்.

மறுநாள் தோட்டத்து யோசனை ஒன்று வந்தது. ரப்பர்க் காட்டில் ஆளுக்கொரு நிரை மரம். அவரவர் நிரையை அவரவர்தான் சீவ வேண்டும். அதே போல் அவரவர் உருவத்தை அவரவரே வரையட்டும் என்றார். ஒரு கை போதாது என்றால், வீட்டில் இருபத்திரண்டு கை இருக்கிறதே!

ஒவ்வொருவரையும் தனித்தனியே வரைந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் படம்பிடிக்கக் கண்ணாடித் தாள் வேண்டும். அதை வாங்கக் கட்டுப்படியாகாது. கிளினிக்கில் குப்பைக்குப் போகும் பழைய எக்ஸ்ரே படங்களைக் கேட்டு வாங்கி வந்தார். தோம்பில் சோடாக் காரம் கரைத்து ஊறப்போட்டுத் தேய்த்தால், யார் யாருடைய நெஞ்செலும்போ கரைந்து ஓடி, வெறும் தாள் மிஞ்சும். லேசான நீலம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளைகள் தரையில் வரிசையாகக் குந்தி வரைவார்கள். பத்துமலை தன்னை ஒல்லியாக வரைந்தான். காளியம்மா தனக்கு மட்டும் நடிகை மாதிரி புருவம் வைத்தாள். இருளாயி ஒரு வட்டம், இரண்டு குச்சிக் கால். அப்பாவு எதையும் திருத்தவில்லை. சாயம் காய, கொடியில் உலரப்போட்ட ரப்பர் பால் தகடுகளைப் போல எல்லாத் தாளும் வரிசையாகத் தொங்கின.

முதல் மாதம் முடிந்து, பத்து விநாடி அளவுக்கு எடுத்துக் கழுவிப் பார்த்தார்கள். கார்த்திகேசின் மாடியறையில் சுவரில் படம் ஓடியது. மூடுபனி! பதினொரு நீலத் தாளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்ததில், மேலே இருந்த காளியம்மாவின் புருவம் மட்டும் தெரிந்தது. அடித்தாளில் இருந்த இருளாயி அடியோடு இல்லை.

"நான் முதலே சொன்னனான்" என்றார் கார்த்திகேசு. "இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. நாலு பேரோட செய்து தாங்கோ. இல்லாட்டில் நான் வேற ஆளைப் பார்க்கவேணும்."

வீட்டுக்கு வந்த அப்பாவு தாள்களை மூலையில் வைத்துவிட்டுக் குந்திவிட்டார். மங்களம் ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, பெரட்டுல எல்லாருமா ஒரே நேரத்துல ஆடுறாங்க?"

"அதுக்கென்ன இப்ப?"

"பேர் கூப்புட்டா கூப்புட்ட ஆளுதானே அசையணும்? மத்தவங்க நிக்கத்தானே வேணும்? நிக்கிறவங்கள எல்லாம் ஒரே தாள்ல போட்டுருங்க. அசையிறவங்களுக்கு மட்டும் தனித் தாளு. ரெண்டே தாளு. இதுக்குப் போயி மூஞ்ச தூக்கி வச்சிருக்கீங்க!"

அப்பாவு அவளை நிமிர்ந்து பார்த்தார். பதினெட்டு வருடம் மரம் சீவின பெண்ணுக்குப் படமெடுக்கத் தெரிந்திருந்தது.

அப்படித்தான் கதையும் அமைந்தது. கார்ட்டூன் அம்மா பெயர் கூப்பிடுவாள். கூப்பிட்டவர் மட்டும் சேட்டை செய்வார், மற்றவர்கள் சிலையாக நிற்பார்கள். அப்படி நிற்பதுதான் வேடிக்கை. பக்கத்தில் ஒருவன் தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அசையக் கூடாது, அவன் முறை வரவில்லை. இரண்டு மாதம் வீட்டில் சோறும் சாயமும் ஒன்றாகக் கலந்தன. படம் முடிந்தது. கார்த்திகேசு சுவரில் ஓட்டிப் பார்த்துவிட்டு மூன்று விரலால் மேசையைத் தட்டினார். "ஒன்பது பேரும் தெரியினம்" என்றார்.

குரல் பதிவு மட்டும் மிச்சம். எல்லோரும் மாடியறைக்குப் போனார்கள். ஒவ்வொருவராக மைக்குக்கு முன்னால் வந்து "இருக்கேன்" சொன்னார்கள். கடைசியில் இருளாயி. கார்த்திகேசு குனிந்து, "சொல்லு பிள்ளை" என்றார்.

வேற்று ஆள். கேட்கிறார். பிள்ளைக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான்.

"நான் பக்கத்து வீட்டுப் புள்ள."

கார்த்திகேசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "விடுங்கோ! அப்படியே இருக்கட்டும். படத்திலேயே இதுதான் நல்ல பகிடி!"

அப்பாவு காது வரை சிவந்தார். "வேணாங்க ஐயா. அது பகிடி இல்ல." அறையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் நடந்ததைச் சொன்னார். தவுக்கே, ஆறு பிள்ளை, பின்வாசல், எல்லாம். சிரிப்பு நின்றது. படம் டிவியில் வந்தால் தவுக்கே பார்ப்பார். பார்த்தால் வீடு போகும். அதுவும் அவருக்குத் தெரியும்.

மங்களம்தான் மைக்கிடம் போனாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"யாருடி சொன்னா? நீ என் வீட்டுப் புள்ள. ஒம்பதாவது புள்ள. இருளாயி!"

இருளாயி அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அப்பாவு தலையசைத்தார். அவ்வளவுதான்.

"இருக்கேன்!"

மாடியறைச் சன்னல் அதிர்ந்தது. கார்த்திகேசு இரண்டையும் படத்தில் வைத்தார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் படம் வந்தது. வீட்டில் டிவி இல்லை. முச்சந்திக் காப்பிக் கடையில் அப்பாவு குடும்பமே நாலு மேசையைப் பிடித்துக்கொண்டது. தெருவே வந்து பின்னால் நின்றது. இரண்டாவது பெயருக்கே சிரிப்புக் கிளம்பிவிட்டது. பத்துமலையின் வாயிலிருந்து ரொட்டி விழுந்தபோது, காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவர் குவளையைத் தவறவிட்டார். "டேய், இது நம்ம அப்பாவு வீடு லா!" என்று யாரோ கூவினார்கள்.

சுவரோர மேசையில் ஆ கியோங் தவுக்கே உட்கார்ந்திருப்பதை அப்பாவு அப்போதுதான் பார்த்தார். தவுக்கே விரல் மடக்கிக்கொண்டிருந்தார். ஆறு. ஏழு. எட்டு. பெட்டிக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது: "நான் பக்கத்து வீட்டுப் புள்ள." தவுக்கேயின் தலை மெல்லத் திரும்பியது. இருளாயியைப் பார்த்தார். அவளோ நாற்காலியின் மேல் ஏறி நின்று, பெட்டியோடு சேர்ந்து கத்தினாள்: "இருக்கேன்!"

கடை முழுக்கக் கைதட்டல். தவுக்கே எழுந்து வந்தார்.

"அப்பாவு! நீ ஆறு சொன்னே லா!"

ஐந்து வருடமாகச் சுவரைப் பார்த்த மனிதர் எழுந்து நேராக நின்றார். "பொய் சொன்னேன் தவுக்கே. ஒன்பது. ஒன்பதும் என் புள்ளைங்க. வீட்டை விடச் சொன்னா விட்டுர்றேன். இனிமே யாரையும் ஒளிக்க மாட்டேன்."

தவுக்கே மறுபடியும் டிவியைப் பார்த்தார், ஒன்பது தலைகளையும் பார்த்தார்.

"எல்லாரும் இருக்கான். அம்மா இருக்கான், அப்பா இருக்கான், கோழி கூட இருக்கான்." மேசையில் ஓங்கித் தட்டினார். "வீட்டுக்காரன் எங்க? அஞ்சு வருசம் அந்த வீடு யாருது? நான் ஏன் இல்ல?"

அப்பாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அதற்குள் மங்களம்தான் முந்திக்கொண்டாள்: "அடுத்த படத்துல வருவீங்க தவுக்கே. தொப்பையோட போடவா, தொப்பையில்லாமலா?"

கடை வெடித்துச் சிரித்தது. முதலில் சிரித்தவர் தவுக்கே.

அடுத்த வாரம் கார்த்திகேசு பட்டறைக்கே வந்து சொன்னார். பதின்மூன்று கதையும் கேட்டுவிட்டார்கள். பிறகு அது இருபத்தாறு ஆனது. ஈப்போ பிள்ளைகள் பென்சில் பெட்டியில் பத்துமலையை ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு மீன் படகுக்கு இருளாயி பெயர் வைத்திருப்பதாகக் கேள்வி.

படம் வந்ததற்கு அடுத்த மாதம் முதல் தேதி. மோட்டார் சைக்கிள் சத்தம் முச்சந்தியில் கேட்டது. யாரும் பின்வாசலுக்கு ஓடவில்லை. மங்களம் வாசலில் வரிசையாக நிறுத்தினாள். இத்தனை நாள் ஒளிந்த மூன்று பேரை முதலில் நிறுத்தினாள். தவுக்கே தலை வாரி, புதுச் சட்டை போட்டு வந்து இறங்கினார். படத்தில் வரப்போகிறவர் அல்லவா! மங்களம் தொண்டையைச் செருமிக்கொண்டு பெயர் கூப்பிட ஆரம்பித்தாள். ஒன்பது குரல் வந்தது. முதல் கூப்பாட்டுக்கே சின்னையா வந்தது அன்றைக்கு ஒருநாள்தான்.