மீனம்மாக்காவின் எலுமிச்சம்பழமும் சாமான் கோச்சியும்

மீனம்மாக்காவோட வாயைப் பத்தி நான் சொல்லக்கூடாது. பக்கத்துல தேத்தண்ணி விக்கிறவன், நாளைக்கும் அங்கதான் நிக்கணும். ஆனா சாமான் கோச்சிய, அந்தச் சரக்கு ரயில, அது திட்டுற திட்டு ஹட்டன் வரைக்கும் கேக்கும்!

திட்டாம என்ன செய்யும்? எதிர்க் கோச்சிக்கு வழிவிட, சாமான் கோச்சி எங்க ஸ்டேஷன்லதான் நிக்கும். எஞ்சின் கக்குற கரிப்புகை நேரா அக்காவோட வடைத்தட்டுல வந்து உக்காரும். "பருப்பு வடையா, கரி வடையா?"ன்னு கேட்டுட்டு ஆளுங்க போயிருவாங்க. வடை வித்தாத்தான் அக்காவுக்குச் சோறு. "எடுத்துட்டுப் போய்யா உன் கருமத்த!"ன்னு டிரைவர் கஜேந்திரன விரட்டும்.

போன மாசம் அதே கஜேந்திரன் ஒரு சேதி கொண்டாந்தாரு. கடைகள்ல பொரிச்சு மிஞ்சுன எண்ணெயைப் பக்குவம் பண்ணி, டீசலோட கலந்து ஓட்டிப் பாக்கப்போறாங்களாம். புகை குறையுமாம். பாரத்தோட நம்ம ஏத்தத்துல ஏறிட்டா இனி அந்த எண்ணெய்தான். ஏறலன்னா பழைய கரிப்புகையேதான்.

அக்காவுக்குத் தலைகால் புரியல. சோதனை அன்னிக்கு ரயில்வே ஆபீசருங்க, பெரிய மாத்தயாமாரு, கூடிப் பேசிக்கிட்டு நிக்கையில, யாருக்கும் தெரியாம எஞ்சின்கிட்ட போயிருச்சு. புது வேனுக்குச் செய்யிற மாதிரியே சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம், தண்டவாளத்து மேலயே தேங்காய்!

பச்சைக்கொடி காட்டுனாங்க. பழமெல்லாம் நசுங்குச்சு. தூறல் வேற. சக்கரம் நின்ன எடத்துலயே சுத்துது, கோச்சி நகரல. வழுக்குனா தூவுறதுக்கு எஞ்சின்ல இருந்த மணலும் ஈரத்துல கட்டியாகிக் கிடந்துச்சு. "இந்த எண்ணெய்க்கு வலு பத்தாது, விடுங்க"ன்னுட்டாரு பெரிய மாத்தயா.

அக்காவோட மூஞ்சி செத்துப்போச்சு. எனக்கே பாவமா இருந்துச்சு. அடுத்த நிமிஷம் அடுப்புச் சாம்பல் வாளியத் தூக்கிக்கிட்டு ஓடுச்சு பாருங்க! "எண்ணெயக் குத்தம் சொல்லாதீங்க மாத்தயா, வழுக்க வச்சது நான்தான்!"னு சிங்களத்துல கத்திக்கிட்டே, தண்டவாளம் நெடுக சாம்பல அள்ளி எறிஞ்சிச்சு. மாத்தயாவோட கால்சட்டைக்கும் கொஞ்சம் பங்கு போச்சு.

சக்கரம் பிடிச்சிருச்சு. கோச்சி ஏறிருச்சய்யா!

இப்ப அந்த எஞ்சின் வந்து நின்னா புகை லேசாத்தான். ஆனா ஸ்டேஷன் பூரா வடை வாசம்! ஆளுங்களுக்கு நாக்கு ஊறி, நேரா அக்காகிட்டதான் வர்றாங்க. நேத்து எதிர்க் கோச்சி சீக்கிரமே வந்து போயிருச்சு, கஜேந்திரனும் கிளம்பப் பாத்தாரு.

அக்கா தட்டோட ஓடிப்போய், "என்ன தம்பி அவசரம்? வடை சாப்புட்டு, நின்னு நிதானமாப் போங்க"ன்னுச்சு.