ஜீப் நின்ற முற்றம்

1. மழை விட்டுவிட்டுப் பெய்த மார்கழியில் அப்பாவின் ஜீப்பில் ரேடியேற்றர் தண்ணீர் குறையத் தொடங்கியது.

2. அதே நாட்களில், காலையில் எஞ்சினை இயக்கியதும் முன்பக்கத்தில் ஒரு கரகரப்புக் கேட்டது. சூடேறியதும் சத்தம் நின்றுவிடும்.

3. அப்பா என்னை அழைத்தார். ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து பார்த்தேன்.

4. ஹெட் கஸ்கெற் போய்விட்டது என்று கொப்பியில் எழுதினேன்.

5. அடுத்த கிழமை எஞ்சினைத் திறந்தோம்.

6. கஸ்கெற்றில் ஒரு பழுதும் இல்லை.

நான் வவுனியாவில் ஒரு வாகனத் திருத்துமிடத்தில் வேலை செய்கிறேன். பழுது கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்கென்றே படித்தேன். வீடு முள்ளியவளையில். அப்பா கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் சாரதியாக இருந்தவர். அவர்கள் வேலையை முடித்துக்கொண்டு போனபோது, ஒன்பது வருடம் தான் ஓட்டிய ஜீப்பையே வாங்கிக்கொண்டார். கிழமைக்கு இரண்டு நாள், விடியப்புறமே மூன்று சிறுநீரக நோயாளிகளை ஏற்றி, இரத்தம் சுத்திகரிக்க வவுனியாவுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டி வருவார். மற்ற நாட்களில் அவருக்கு வேறு வேலை இல்லை. அந்த இரண்டு நாட்களில்தான் அவர் சேட்டுப் பைக்குள் பேனை செருகிக்கொண்டு போவார்.

அந்தச் சனிக்கிழமை நான் வருவதற்கு முன்பே அப்பா ஜீப்பைக் குளத்தடிக்குக் கொண்டுபோய், எஞ்சின் உட்பட எல்லாவற்றையும் கழுவி வைத்திருந்தார். மேலதிகாரி பார்வையிட வரும் நாளில் செய்து பழகிய வேலை அது. அம்மா முற்றத்தை விளக்குமாற்றுக் கோடுகள் தெரியக் கூட்டியிருந்தா. இரண்டு பேருமாக எனக்கென்று எல்லாவற்றையும் துப்புரவாக வைத்திருந்தார்கள்.

சத்தம் எப்படி என்று கேட்டேன்.

"தொண்டையில சளி பிடிச்ச மாதிரி, கர்ர் எண்டு. பிறகு நிண்டிடும்" என்று அப்பா செய்து காட்டினார்.

"அது ஜீப்பின்ர தொண்டையோ, உங்கட தொண்டையோ?" என்று குசினிக்குள் இருந்து அம்மா கேட்டா. மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சத்தத்தை நான் என் காதால் கேட்கவே இல்லை. குளத்தடிக்குப் போய் வந்ததில் எஞ்சின் ஏற்கெனவே சூடாகியிருந்தது.

கொப்பியில் இரண்டு பக்கம் ஒதுக்கினேன். ஒரு பக்கத்தில் சத்தம்: பெல்ற் தேய்ந்திருக்கலாம், அவசரம் இல்லை. மறுபக்கத்தில் தண்ணீர்: கீழே ஒழுக்கு இல்லை, நிலத்தில் ஈரம் இல்லை, காலையில் வெள்ளைப் புகை வருவதாக அப்பா சொன்னார், எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பால் போன்ற படிவு. வெளியே போகாத தண்ணீர் உள்ளேதான் போகிறது. அப்படியென்றால் எஞ்சினின் மேற்பகுதியையும் அடிப்பகுதியையும் பிரிக்கும் அந்தத் தகடு, கஸ்கெற், விட்டுவிட்டது. வகுப்பில் இந்த விடையை எழுதியிருந்தால் முழுப் புள்ளியும் கிடைத்திருக்கும். ஈரக் காற்றும் பனிக்குளிரும் உள்ள மாதத்தில், நல்ல எஞ்சினும் வெள்ளைப் புகை விடும், மூடிக்குள் பால் படியும் என்பதும் அதே வகுப்பில் படித்ததுதான்.

ஒழுக்குப் பார்க்கும் அழுத்தக் கருவி வவுனியாவில் என் மேசை லாச்சிக்குள் இருந்தது. பஸ்ஸில் தூக்கி வரவில்லை.

"திறக்காமல் பாக்கேலாதோ, பிள்ளை?" என்று அப்பா கேட்டார்.

"ஏலாதப்பா. நடுவழியில நிண்டால் என்ன செய்வியள்? ஏத்திக்கொண்டு போறது வருத்தக்காரரை."

அப்பா ஊர்க் கராஜுக்குப் போன் எடுத்தார்.

ஊர்க் கராஜ்காரரை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். என் கொப்பியை வாங்கிக் கடைசிவரை வாசித்தார். "எல்லாத்தையும் நீங்களே கொப்பியில கழட்டிப் பூட்டிப்போட்டியள் தங்கச்சி. எனக்கு இனி என்ன வேலை?" என்றார். பிறகு போல்ற் கழற்றும் சாவியை எடுத்தார்.

கடைசிக்கு முந்திய போல்ற் முறிந்தது. வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓடிய எஞ்சின். உள்ளே கறள் பிடித்து இறுகியிருந்தது. பாதி போல்ற் எஞ்சினின் அடிப்பகுதியான பிளாக்குக்குள்ளேயே நின்றுவிட்டது. அதைத் துளைத்து எடுக்கப் பார்த்தபோது துளை பக்கவாட்டில் விலகித் தண்ணீர் ஓடும் வழியை உடைத்தது. பாஸ் துளைக்கும் மெசினை நிறுத்திவிட்டு அப்பாவையும் என்னையும் பார்த்தார்.

மேற்பகுதியைத் தூக்கிப் பார்த்தோம். கஸ்கெற் காய்ந்து, கறுத்து, எங்கும் அறாமல் முழுதாக இருந்தது.

பாஸ் எழுந்து எஞ்சினின் முன்பக்கம் போய், ரேடியேற்றர் தண்ணீரைச் சுற்றவிடும் வோட்டர் பம்ப்பின் சில்லை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். ஆடியது. கரகரத்தது.

"இதைப் பாத்தனீங்களோ, தங்கச்சி?"

சில்லுக்குப் பின்னால், கழுவிய தண்ணீர் எட்டாத இடத்தில், ஒரு சிறு துளையில் இருந்து கறள் நிறத்தில் ஒரு கோடு இறங்கியிருந்தது. எஞ்சின் ஆறும்போது மட்டும் ஒழுகும் பம்ப். சத்தமும் தண்ணீரும் ஒரே பழுது. நான் அவற்றை இரண்டு பக்கங்களில் எழுதியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, பம்ப் ஒழுகி நிலத்தில் ஈரம் விழுந்திருக்கவேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா.

"அந்த ஈரமோ? விடிய ஜீப் போனாப் பிறகு கூட்டேக்க இருக்குமே, ஒரு தட்டளவு."

"ஏனம்மா சொல்லேல்ல?"

"அது ஏசித் தண்ணி, ஒண்டுமில்லை எண்டு அப்பாதானே முந்திச் சொன்னவர். அண்டைக்கு நீ வாறாய் எண்டு வடிவாக் கூட்டி, மேல மண்ணும் போட்டனான்."

ஜீப்பில் ஏசி வேலை செய்யாமல் போய் இரண்டு வருடம். அப்பா கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா சுளகைக் கீழே வைத்தா.

"என்னாலயோ பிழைச்சது?"

"இல்லையம்மா."

அது உண்மை. கொப்பியில் நான் கேட்ட கேள்விகள் பதினொன்று இருக்கின்றன. பதினொன்றும் அப்பாவிடம் கேட்டவை. அந்த நிலத்தைத் தினமும் குனிந்து பார்க்கும் ஒரே ஆளிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அப்பா "சரி, திறந்தாச்சு" என்று மட்டும் சொன்னார். ஆஸ்பத்திரி நாட்களில் இன்னமும் அதே நேரத்துக்கு எழும்புகிறார். தேத்தண்ணி குடித்துவிட்டு விடியும்வரை இருக்கிறார்.

மூன்று நோயாளிகளில் இரண்டு பேர் முதல் பஸ்ஸில் போகிறார்கள். மற்றவர், வீதியில் இருந்து உள்ளே தள்ளி இருக்கும் குடியேற்றத்தில் தனியாக வாழும் அக்கா ஒருவர். பஸ் வீதிக்கு வர அவவால் நடக்க ஏலாது. ஒருமுறை சிகிச்சைக்குப் போகாமல் விட்டு, கால் வீங்கிவிட்டது. இப்போது யாராவது மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டால் போகிறா. சிகிச்சைக்கு முதல் நாள் பின்னேரம் அப்பாவுக்குப் போன் எடுத்து, ஜீப் சரியோ என்று கேட்பா. அவர் போனோடு வெளியே போய்விடுவார்.

பிளாக் இப்போது வவுனியாவில் ஒரு லேத் பட்டறையில் இருக்கிறது. உடைந்த துளைக்குக் குழாய் இறக்கிப் பார்க்கலாம், பிடிக்குமோ தெரியாது என்கிறார்கள். நாள் சொல்லவில்லை. புது வோட்டர் பம்ப் வாங்கிவிட்டேன். பெட்டி உடைக்காமல் என் மேசையில் இருக்கிறது. ஜீப் எப்போது ஓடும் என்று எனக்குத் தெரியாது. ஓடுமா என்றும் தெரியாது.